தொடலாம் என்று போட்ட மீன்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. நான் ஆடிக்கொண்டே இருப்பது அதனால்தான். பதற்றம் என்று எழுதிவிடாதீர்கள். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் எழுந்து நடந்தபடியே சொல்கிறேன். உட்கார்ந்து பேசி எனக்குப் பழக்கம் இல்லை. படம் வரைவதுகூட நின்றுகொண்டுதான்.

தொழில் என்ன என்று கேட்டீர்கள். பவளப்பாறை மீன்களை அடையாளம் காண ஒரு கையேடு இருக்கிறது. நீல அட்டை, சட்டைப் பைக்குள் அடங்கும். அதில் இருக்கும் மீன் அத்தனையும் நான் வரைந்தவை. பெயர், குணம், எங்கே ஒளியும், எதைத் தின்னும் என்ற குறிப்புகளும் என்னுடையவைதான். சில வருடங்களுக்கு முன்புவரை முக்குளிக்கப் போகிற படகு எதிலும் அந்தப் புத்தகம் இல்லாமல் இருக்காது. இதில் வேடிக்கை என்னவென்றால், கடலுக்கு அடியில் ஒரு மீனைக்கூட நான் பார்த்ததில்லை. சின்ன வயதிலேயே காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. தலைக்குக் குளிக்கவே பஞ்சு வைத்துக்கொள்கிறவள். மீன் சந்தையில் பனிக்கட்டி மேல் கிடப்பதை நானே பார்த்துக்கொள்வேன். மற்றதற்கெல்லாம் என் தங்கைதான் எனக்குக் கண்.

அவள் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியதுமே நான் தொடங்கிவிடுவேன். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கப் பதில் சொல்வாள்.

"வாய் எங்க இருந்துச்சு?"

"கீழ்ப்பக்கமா."

"வால்?"

"நடுவுல வெட்டி எடுத்த மாதிரி."

"முதுகுத் துடுப்பு ஒண்ணா, ரெண்டா?"

"அக்கா, முதல்ல என்னை மேல ஏத்திவிடு. போலீஸ்காரங்ககூட இப்படிக் கேள்வி கேக்க மாட்டாங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவள் விளையாட்டாகச் சொன்னது. உடம்பின் அமைப்பு, வாய், வால், துடுப்பு, அப்புறம் புள்ளியோ கோடோ. நிறத்தைக் கடைசியில்தான் கேட்பேன், அதையும் அரைமனதாக. ஏனென்றால் மீன் விஷயத்தில் நிறத்தைப்போலப் பொய் சொல்வது வேறு எதுவும் இல்லை. கொஞ்சம் ஆழம் போனால் சிவப்பு கரிய நிறமாகிவிடும். ஒரு மீன் குட்டியில் கருநீலத்தில் வெள்ளை வளையமாக இருக்கும், வளர்ந்தால் உடம்பு முழுக்க மஞ்சள் கோடு. ஒரு காலத்தில் அறிஞர்களே இரண்டு மீன் என்று எழுதி வைத்திருந்தார்கள். கிளிமீனில் பெண்ணாக இருந்தது ஆணாக மாறும், மாறும்போது சட்டையையும் மாற்றிக்கொள்ளும். பெரிய மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்கிற சின்ன மீன் ஒன்று உண்டு. அதே நிறம், அதே கோடு, அதே ஆட்டத்தோடு இன்னொன்று வரும். பெரிய மீன் நம்பி உடம்பைக் காட்டும்போது சதையைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். வாய் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனால் வாயை யார் பார்க்கிறார்கள்?

நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கையின் கணவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நல்ல மனிதர். கடலுக்கு அடியில் படம் எடுப்பது அவர் தொழில். படம் எடுக்க வந்தவர் தங்கையைப் பார்த்தார், கல்யாணம் ஆனது, என் வீட்டு மாடியிலேயே குடியும் வந்தார்கள். வாய் ஓயாமல் பேசுவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மட்டும் அவருக்கு வராது. கல்யாணத்துக்குப் பிறகு தங்கை தண்ணீரிலிருந்து ஏறியதும் முதலில் அவரிடம்தான் பேசினாள். அது இயல்புதான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. புத்தகம் எதற்கு, தண்ணீருக்குள்ளேயே கொண்டுபோகிற மாதிரி பிளாஸ்டிக் அட்டைகள் போடலாம், மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாம் என்றார். மஞ்சள் மீனுக்கு மஞ்சள் அட்டை, நீல மீனுக்கு நீல அட்டை, பட்டை போட்ட மீனுக்குப் பட்டை அட்டை. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு கை. பச்சைக் கை என்றால் தொடலாம், சிவப்புக் கை என்றால் தொடக்கூடாது. குழந்தைகூடப் புரிந்துகொள்ளும் என்றார். பதிப்பக முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் புத்தகத்தின் அடுத்த பதிப்பை நிறுத்திவிட்டு அட்டையில் இறங்கினார்.

அன்று சாப்பாட்டு மேசையில் நான் எடுத்துச் சொன்னேன். சத்தம் போடவில்லை. நிறத்தை நம்பினால் என்றைக்காவது ஒருவர் கையை இழப்பார் என்றேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே தட்டைப் பார்த்தார். பதில் சொன்னது தங்கை.

"அக்கா, கோவிச்சுக்காதே. தண்ணிக்குள்ள இருக்கறதே கொஞ்ச நேரம். அதுல வாய் எங்க, வால் எங்கன்னு உன் கேள்வியை எல்லாம் யாரு கேட்டுட்டு இருப்பா? உன் புத்தகம் அலமாரியில வெச்சா அழகா இருக்கும். கையில கட்டிக்கிட்டுக் குதிக்க முடியுமா?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மட்டும் என் கை சும்மா இருக்கவில்லை. வண்ணக் குப்பிகளின் மூடியைத் திறப்பேன், மூடுவேன். மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன். கடைக்குக் கிளம்பிப் பாதி வழியில் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன். வயது ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டைகளின் அச்சுப்படி என்னிடம் வந்தது. சரிபார்த்துக் கொடுங்கள், உங்கள் பெயரையும் போடுகிறோம் என்று பதிப்பகத்தார் மரியாதையாகக் கேட்டார்கள். கரிசனம்தான். நான் ஒரு வாரம் வேறு வேலை தொடாமல் அதையே பார்த்தேன். பிழை கொஞ்சநஞ்சம் இல்லை. ஆணையும் பெண்ணையும் மாப்பிள்ளை இரண்டு மீனாகப் போட்டிருந்தார், துடுப்பில் முள் இருப்பதற்குப் பச்சைக் கை போட்டிருந்தார். எல்லாவற்றையும் திருத்தினேன். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழைகூட விடவில்லை.

பட்டை அட்டையில் 'பாம்பு விலாங்கு' என்று ஒரு படம். உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். பாம்பு விலாங்கு என்பது ஒரு மீன். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு, பார்க்க அச்சு அசல் கடல் பாம்பு மாதிரியே இருக்கும். பாம்பு என்று பயந்து மற்றவை அதை விட்டுவிடும், அதற்காகப் போட்ட வேஷம். பரம சாது. அதன் வால் கூராக முடியும், முதுகு நெடுகத் துடுப்பு ஓடும். நிஜமான பட்டைக் கடற்பாம்புக்கு அந்தத் துடுப்பு கிடையாது. அதன் வால் துடுப்புக்கட்டைபோலத் தட்டையாக இருக்கும். அதன் விஷம் நிலத்துப் பாம்பைக் கைகட்டி நிற்க வைக்கும். படத்தில் இருந்தது தலை பொந்துக்குள் போன, வால் பாசிக்குப் பின்னால் மறைந்த ஒன்று. நடு உடம்பு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகில் துடுப்பு இல்லை. பக்கத்தில் பச்சைக் கை.

பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பென்சிலை அதன் மேல் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அதை நான் நிதானமாக யோசித்துத்தான் செய்தேன். ஒவ்வொரு பிழையையும் நான் திருத்தித் திருத்திக் கொடுத்தால் அந்த அட்டை நல்ல அட்டை என்று ஆகிவிடும். நிறத்தை வைத்து மீனை அறியலாம் என்று ஊர் நம்பிவிடும். ஒரே ஒரு பிழை, யார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி பெரிதாக ஒன்று, வெளியே வந்தால்தான் உறைக்கும். எப்படியும் மாப்பிள்ளையோ முதலாளியோ அச்சுக்கு முன் பார்த்துவிடுவார்கள், அப்போது என்னிடம் வருவார்கள் என்று நினைத்தேன். 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அவர்கள் பார்க்கவில்லை.

அட்டைகள் தயாரானதும் வெள்ளோட்டம் பார்க்க ஒரு நாள் படகு எடுத்தார்கள். முதலாளி வந்தார். படகோட்டி, மாப்பிள்ளை, தங்கை, நான். விளம்பரத்துக்கு ஒரு படம் வேண்டும் என்றார் முதலாளி. கையில் அட்டை கட்டிய பெண், உள்ளங்கையில் பட்டை போட்ட விலாங்கு நெளிகிறது, பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். தங்கைதான் அந்தப் பெண். அவள் உற்சாகத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். படகு கரை தெரியாத தூரம் வந்து நின்றது.

முதலில் இடம் பார்த்து வர அவள் மட்டும் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் தலை தெரிந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை அந்தப் பக்கம் முதலாளியிடம் கேமராவைக் காட்டிக்கொண்டிருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முதலில் என்னைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா, பெரிய பாறைக்குக் கீழ ஒண்ணு இருக்கு. அழகா இருக்கு. ஆனா வால் கொஞ்சம் தட்டையா இருந்த மாதிரி தோணுச்சு."

நான் என் பையின் வாரை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"விலாங்குதானே அது? தொடலாம்ல?"

"கார்டுல என்ன போட்டிருக்கு?"

அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். "பச்சைக் கை போட்டிருக்கு."

"அப்புறம் என்னை எதுக்குக் கேக்கறே? மாப்பிள்ளை போட்ட கார்டு. அவரைவிட எனக்கா தெரிஞ்சிடப்போகுது?"

"இன்னும் கோவம் போகலையா உனக்கு?" என்று சிரித்தாள். என் காலில் தண்ணீரை அடித்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளையும் கேமராவோடு இறங்கினார். அவர்கள் போன பிறகு நான் படகில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். படகோட்டி, "உக்காருங்கம்மா, படகு சாயுது" என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அட்டையில் இருப்பதைப் படிக்கச் சொன்னேன். வாலைப் பார்த்தவள் அவள்தான். இத்தனை வருடம் என் கேள்விகளுக்குப் பதில் சொன்னவள், அந்த ஒரு கேள்வியைத் தனக்குத்தானே கேட்டிருந்தால் போதும். கேட்பாள் என்றுதான் நம்பினேன். பாதி வழியில் திரும்பி வந்து, "நீ சொன்னதுதான் சரிக்கா" என்று சொல்வாள் என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருவரும் ஏறி வரும்போது ஒரே சிரிப்பு. படம் பிரமாதமாக வந்துவிட்டதாம். அது அவள் கையில் சுற்றிக்கொண்டு விளையாடியதாம். கொஞ்சம் இறுக்கிப் பிடித்ததும் உதறிக்கொண்டு போய்விட்டதாம். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே விரலை என்னிடம் நீட்டினாள். ஊசி பட்டதுபோல இரண்டு புள்ளி. வீக்கம் இல்லை, ரத்தம்கூட இல்லை.

"பவளம் குத்திடுச்சு போல. வலிக்கவே இல்லை."

கடல் பாம்பு கடித்தால் வலிக்காது. என் புத்தகத்தில் அதைத் தனி வரியாகவே எழுதியிருக்கிறேன்.

"பவளமாத்தான் இருக்கும்" என்றேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். அப்போதே படகைத் திருப்பியிருந்தால் நேரம் இருந்தது. விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். ஆனால் நானாகச் சொன்னால் என்ன நடக்கும்? முன்பே தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று என்னைப் பிடித்துக்கொள்வார்கள். அட்டையின் பிழை பின்னால் போய்விடும். மாப்பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் கண்டுபிடித்து என்னிடம் கேட்க வேண்டும். கேட்ட அந்த நிமிடமே சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்.

அவருக்கு நான் வாய்ப்பே தரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கேமராவின் திரையில் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். தங்கையின் முகம், சிரிப்பு, கையில் பட்டை உடம்பு, ஓரத்தில் அந்த வால், துடுப்புக்கட்டையேதான். "எப்படிக்கா?" என்றார். "வால் நல்லா விழுந்திருக்கு" என்றேன். அதைவிட ஒருவர் என்ன சொல்ல முடியும்? அவர் தலையாட்டிவிட்டு முதலாளியிடம் காட்டப் போனார். என் பையிலிருந்து நீலப் புத்தகத்தை எடுத்து, கடல் பாம்புப் பக்கத்தைத் திறந்து அவர் உட்காரும் பலகையில் வைத்தேன். அவர் வந்து உட்கார்ந்தார். புத்தகத்தை மூடினார், அதன் மேல் சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துப் பிரித்தார். குழம்பு புத்தகத்தின் நீல அட்டையில் வழிந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் வெறுத்துப்போனது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் தங்கை என் நினைவிலேயே இல்லை.

அவள் பாதி சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றாள். கழுத்து பிடித்துக்கொண்டிருக்கிறது என்றாள். நாக்கு தடித்த மாதிரி இருக்கிறதாம். இமை கீழே இறங்க இறங்க, தூக்கம் வருகிறது என்று என் தோளில் சாய்ந்தாள். படகோட்டிதான் முதலில் கவனித்தார். கடலில் பல வருடம் பழகினவர்.

"முகம் ஒரு மாதிரி இருக்கேம்மா. திரும்பிடலாமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை, முதலாளி, படகோட்டி எல்லாரும். ஆனால் யாரும், இது என்ன, எது கடித்தது என்று கேட்கவில்லை. திரும்பலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி.

"அலைச்சல்தான். கொஞ்சம் படுத்து எழுந்தா சரியாயிடும்" என்றேன். அவள் தலைக்குத் துண்டை மடித்து வைத்தேன்.

தெரிந்தே அப்படிச் சொன்னேன் என்பதுதான் இதுவரை யாரிடமும் சொல்லாதது. என்னிடம் வேறு ஒளிவுமறைவு இல்லை.

மூச்சு திணறத் தொடங்கிய பிறகுதான் மாப்பிள்ளை அலறினார். "அக்கா, என்னக்கா இது? என்ன கடிச்சது இவளை?" அப்பாடா என்று இருந்தது எனக்கு. உடனே சொன்னேன். பெயர், வாலின் அமைப்பு, துடுப்பு இல்லாதது, விஷம் எப்படி வேலை செய்யும், எந்த ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படகோட்டி ஏற்கனவே படகைத் திருப்பியிருந்தார். கரை வரும் முன்பே அவள் கை என் கையில் கனத்துவிட்டது. அழுதேன். அது நடிப்பு இல்லை. எனக்கு அவளைத் தவிர யாரும் கிடையாது.

அதற்கப்புறம் நடந்ததை நீங்களே விசாரித்து எழுதிவிட்டீர்கள். விபத்து என்று முடித்தீர்கள். மாப்பிள்ளை மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு, "நான்தான் கொன்னேன், என் கார்டுதான் கொன்னுச்சு" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதில் தவறு இல்லை. அட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். என் புத்தகத்தை மறுபடி அச்சுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

முதலாளி பத்திரிகைக்காரர்களிடம் பேசியதை நேற்றுப் படித்தேன். பொறுப்பை எப்படியாவது கைகழுவ வேண்டும் அவருக்கு. "சரிபார்த்த அக்காவின் கண்ணுக்கே தப்பிவிட்ட பிழை, நாங்கள் என்ன செய்வது" என்று சொல்லியிருக்கிறார். என் கண்ணுக்குத் தப்பியதாம். படித்ததிலிருந்து ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தெருவில் எதிரே வருகிறவர்கள் எல்லாரும், வாலுக்கும் துடுப்புக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அதுவும் இருக்கலாம். ஆனால் முக்கியமாக நான் சொல்ல வந்தது, என் கண்ணுக்கு அது தப்பவில்லை என்பதுதான். அச்சுப்படியில் பார்த்தேன், அவள் சொன்னபோது தெரிந்தது, விரலில் பார்த்தேன், கேமராவின் திரையில் பார்த்தேன். நான்கு தடவையும் சரியாகவே அடையாளம் கண்டேன்.

எழுதியதை வாசித்துக் காட்டியதற்கு நன்றி. நான் சொன்னபடியே இருக்கிறது. பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கடைசிப் பக்கத்தில் மட்டும் 'விஷமீன் கடித்து இறந்தார்' என்று இருக்கிறது. அது மீனே இல்லை, ஐயா. செவுள் கிடையாது, மூச்சுக்குத் தண்ணீருக்கு மேலே வரும். பட்டைக் கடற்பாம்பு என்று அடித்து எழுதுங்கள். சின்ன விஷயம்தானே, இருக்கட்டும் என்கிறீர்கள். இருக்கக் கூடாது. பிழை என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட என்னால் முடியாது.